அட்லாண்டா பல்கலைக்கழக ஆண்டுக் கலைக் கண்காட்சிகள் (1942–1970)

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள அட்லாண்டா பல்கலைக்கழகம், கறுப்பின மக்களுக்காகத் தொடங்கப்பட்ட உயர்கல்வி நிறுவனங்களில் ஒன்று. அது 1942 முதல் 1970 வரை ஆண்டுதோறும் ஆப்பிரிக்க அமெரிக்கக் கலைஞர்களின் படைப்புகளைக் கொண்டு கண்காட்சி நடத்தியது. இந்தக் கண்காட்சிகளைத் தொடங்கியவர் அங்கே ஓவிய ஆசிரியராக இருந்த ஹேல் உட்ரஃப். ஏறத்தாழ 900 கலைஞர்கள் இவற்றில் பங்கேற்றனர். பரிசு பெற்ற படைப்புகளைப் பல்கலைக்கழகமே விலைகொடுத்து வாங்கி வைத்துக்கொண்டதால், முடிவில் கிட்டத்தட்ட 300 படைப்புகள் கொண்ட ஒரு சேகரிப்பு உருவானது. இன்று கிளார்க் அட்லாண்டா பல்கலைக்கழகக் கலை அருங்காட்சியகத்தின் மையமாக இருப்பது இந்தச் சேகரிப்புதான்.

ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் உருவாக்கிய கலை, இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பெரிய அருங்காட்சியகங்களின் கண்ணில் படவே இல்லை. அந்தக் கலை அழியாமல் இன்று நமக்குக் கிடைப்பதற்குப் பெரிய காரணம் சில சிறிய, வசதி குறைந்த கல்லூரிகள். அட்லாண்டாவின் கதை அவற்றில் முக்கியமானது.

பின்னணி: விடுதலைக்குப் பின் எழுந்த கல்லூரிகள்

1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரின் முடிவில் அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிந்தது. அதுவரை தென்மாநிலங்கள் பலவற்றில் அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதே சட்டப்படி குற்றம். விடுதலை பெற்ற நாற்பது லட்சம் மக்களுக்குக் கல்வி கொடுக்கும் வேலையை முதலில் கையில் எடுத்தவை கிறித்தவச் சேவை அமைப்புகள். அவற்றில் முதன்மையானது அமெரிக்க மிஷனரி சங்கம்.

இந்தச் சங்கத்தின் வேர் ஒரு கப்பல் கலகத்தில் இருக்கிறது. 1839-ல் கியூபாவின் கடற்பகுதியில் 'அமிஸ்டாட்' என்ற கப்பலில் அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட 53 ஆப்பிரிக்கர்கள், செங்பே பியே என்பவரின் தலைமையில் எழுந்து கப்பலைக் கைப்பற்றினர். கப்பல் அமெரிக்கக் கரையில் பிடிபட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. முன்னாள் குடியரசுத் தலைவர் ஜான் குயின்சி ஆடம்ஸ் அவர்களுக்காக வாதாடினார். 1841-ல் அவர்கள் சுதந்திர மனிதர்கள் என்று தீர்ப்பு வந்தது. உயிரோடு எஞ்சியவர்கள் 1842-ல் சியரா லியோன் திரும்பினர். அவர்களுக்காக அமைக்கப்பட்ட குழு பின்னர் மற்ற அடிமைமுறை எதிர்ப்பு அமைப்புகளோடு இணைந்து 1846-ல் அமெரிக்க மிஷனரி சங்கமாகியது. போருக்குப் பின் அட்லாண்டா பல்கலைக்கழகம் (1865), ஃபிஸ்க் (1866), டல்லடேகா (1867), ஹாம்ப்டன் (1868) ஆகிய நிறுவனங்கள் உருவாக இந்தச் சங்கம் துணைநின்றது.

இக்கல்லூரிகள் கலைப்பொருட்களைச் சேர்ப்பதிலும் தொடக்கத்திலிருந்தே ஆர்வம் காட்டின. ஹாம்ப்டன் நிறுவனம் தொடங்கிய 1868-லேயே அங்கு அருங்காட்சியகமும் தொடங்கியது. ஹென்றி ஒசாவா டானர் 1893-ல் வரைந்த 'பாஞ்சோ பாடம்' என்ற புகழ்பெற்ற ஓவியம் மறு ஆண்டே ஹாம்ப்டனுக்கு வந்து சேர்ந்தது. ஒரு முதியவர் தன் மடியோரம் நிற்கும் சிறுவனுக்கு நரம்பிசைக்கருவி வாசிக்கக் கற்றுத்தரும் காட்சி அது. மேடைகளில் கறுப்பின மக்கள் கேலிப் பாத்திரங்களாகக் காட்டப்பட்ட காலத்தில், அவர்களை ஆசிரியராகவும் மாணவனாகவும் காட்டிய ஓவியம்.

அட்லாண்டா பல்கலைக்கழகத்துக்கும் காட்சிப்படுத்துதல் புதிதல்ல. அங்கே சமூகவியல் கற்பித்த டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ், 1900-ல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சிக்காகத் தம் மாணவர்களோடு சேர்ந்து சுமார் 60 வண்ண வரைபடங்களைக் கையால் தயாரித்தார். கறுப்பின மக்களின் நிலவுடைமை, எழுத்தறிவு, தொழில் ஆகியவை அவற்றில் கோடுகளாகவும் வண்ணக் கட்டங்களாகவும் காட்டப்பட்டன. அவற்றோடு 363 புகைப்படங்கள் கொண்ட தொகுப்புகளும் சென்றன. எங்களைப் பற்றி நீங்கள் சொல்வது ஒன்று, நாங்கள் இருப்பது வேறு என்பதைக் கண்ணால் காணச் செய்வதே அதன் நோக்கம். 42 ஆண்டுகளுக்குப் பின் அதே பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஓவியக் கண்காட்சியின் நோக்கமும் இதிலிருந்து வெகுதூரம் இல்லை.

காட்சிக்கு இடமில்லாத கலைஞர்கள்

1896-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 'தனித்தனி, ஆனால் சமம்' என்ற கோட்பாட்டை ஏற்றது. அதன்பின் தென்மாநிலங்களில் பள்ளி, பேருந்து, உணவகம், நூலகம் எல்லாவற்றிலும் நிறப்பிரிவினை சட்டபூர்வமாகியது. அட்லாண்டா நகரப் பொது நூலகத்தின் மையக் கிளை 1959 வரை கறுப்பினத்தவருக்குத் திறக்கப்படவில்லை. அருங்காட்சியகங்களின் நிலையும் இதுவே. டெக்சாஸில் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் 1950-ல் நடத்திய போட்டியில் ஜான் பிகர்ஸ் என்ற கறுப்பினக் கலைஞரின் 'தொட்டில்' என்ற ஓவியம் பரிசு பெற்றது. ஆனால் அந்த அருங்காட்சியகத்துக்குள் கறுப்பினத்தவர் வியாழக்கிழமைகளில் மட்டுமே நுழையலாம் என்பது விதி. படத்துக்குப் பரிசு கிடைத்தது, வரைந்தவருக்குப் பரிசளிப்பு நிகழ்ச்சியில் இடமில்லை.

கலைஞராக விரும்பும் கறுப்பின இளைஞர் ஒருவருக்கு 1930-களில் இருந்த வழிகள் மிகச் சில. நியூயார்க்கில் இருந்த ஹார்மன் அறக்கட்டளை 1926 முதல் பரிசுகள் அளித்தது. 1928 முதல் சில ஆண்டுகள் கண்காட்சிகளும் நடத்தியது. பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் அரசு தொடங்கிய கூட்டாட்சிக் கலைத் திட்டம் பல கறுப்பினக் கலைஞர்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்தது. 1940-கள் தொடங்கும்போது இவ்விரண்டும் மங்கிக்கொண்டிருந்தன. அறக்கட்டளையின் கண்காட்சிகள் நின்றுபோயின. கலைத் திட்டம் 1943-ல் மூடப்பட்டது.

1941 டிசம்பரில் நியூயார்க்கின் டவுன்டவுன் கேலரி, கறுப்பினக் கலைஞர்களுக்கென ஒரு பெரிய கண்காட்சியை நடத்தியது. நகரின் மற்ற வணிகக் கலைக்கூடங்களும் இக்கலைஞர்களை ஏற்க அது வழிசெய்யும் என்று எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் அது திறக்கும் முன் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டது. நாட்டின் கவனம் போருக்குத் திரும்பியது. அந்தக் கண்காட்சியால் நிலையான இடம் பெற்றவர்களில் குறிப்பிடத்தக்கவர் ஜேக்கப் லாரன்ஸ். மற்றவர்கள் பழையபடியே நின்றனர். அடுத்த வசந்தகாலத்தில் அட்லாண்டாவில் முதல் ஆண்டுக் கண்காட்சி நடந்தது இந்தச் சூழலில்தான்.

ஹேல் உட்ரஃப்

ஹேல் உட்ரஃப் 1900-ல் இல்லினாய் மாநிலத்தின் கெய்ரோ என்ற ஊரில் பிறந்தார். டென்னசியின் நாஷ்வில்லில் வளர்ந்தார். இண்டியானாபொலிஸில் ஓவியம் படித்தபோது, ஓவியப் பொருள் விற்கும் கடைக்காரர் ஒருவர் அவருக்கு ஆப்பிரிக்கச் சிற்பங்கள் பற்றிய ஒரு ஜெர்மன் நூலைக் கொடுத்தார். உட்ரஃபுக்கு ஜெர்மன் தெரியாது. ஆனால் படங்களைப் பார்க்க மொழி வேண்டியதில்லை. தன் முன்னோரின் நிலத்தில் இப்படி ஒரு பெருங்கலை இருந்தது என்பதை அவர் அறிந்தது அந்த நூலின் வழியாகத்தான்.

1926-ல் ஹார்மன் பரிசு பெற்ற அவர் 1927-ல் பாரிஸ் சென்றார். அமெரிக்காவின் நிறவெறியிலிருந்து விலகி ஃபிரான்சில் குடியேறி வாழ்ந்த டானரை அங்கே சந்தித்தார். பிக்காசோவும் மற்றவர்களும் ஆப்பிரிக்க முகமூடிகளிலிருந்து புதிய ஓவிய மொழியை உருவாக்கியிருந்ததை நேரில் கண்டார். கையில் பணமில்லாத நிலையிலும் பழம்பொருள் சந்தையில் ஆப்பிரிக்கச் சிற்பங்களை வாங்கினார்.

1931-ல் அட்லாண்டா பல்கலைக்கழகத் தலைவர் ஜான் ஹோப் அவரை ஆசிரியராக அழைத்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் அட்லாண்டா பல்கலைக்கழகமும் மோர்ஹவுஸ், ஸ்பெல்மன் கல்லூரிகளும் ஒரே கூட்டமைப்பாக இணைந்திருந்தன. இக்கல்லூரிகளின் மாணவர்களுக்கு ஓவியம் கற்பிப்பது உட்ரஃபின் வேலை. பாரிஸில் அவருக்கு அறிமுகமான சிற்பி நான்சி எலிசபெத் புரோஃபெட்டும் 1934-ல் அங்கே ஆசிரியராக வந்து சேர்ந்தார்.

உட்ரஃப் தம் மாணவர்களைச் சுற்றியுள்ள நிலத்தையும் மக்களையும் வரையச் சொன்னார். ஜார்ஜியாவின் செம்மண், சரிந்த பலகை வீடுகள், அவற்றின் பின்னால் நிற்கும் கழிப்பறைகள் எல்லாம் படங்களில் வந்தன. இதனால் அவரது மாணவர் குழுவுக்குக் 'கொல்லைக் கழிப்பறைப் பள்ளி' என்று வேடிக்கையான பெயர் ஏற்பட்டது. வறுமையை அழகுபடுத்தாமல் அப்படியே வரையும் அந்தப் போக்கு, அன்றைய அமெரிக்காவில் பரவியிருந்த வட்டார ஓவிய இயக்கத்தோடு இணைந்தது. 1935-ல் உட்ரஃப் கும்பல் படுகொலைகளைப் பற்றிய லினோலிய அச்சுப் படங்களை உருவாக்கினார். 'அடையாளம் தெரியாதோரால்' என்ற படத்தில், கொல்லப்பட்ட ஒருவரின் உடல் கழுத்தில் கயிற்றோடு தேவாலய வாசற்படியில் கிடக்கிறது. இத்தகைய வழக்குகளில் கொலைகாரர்களைக் குறிக்க அதிகாரிகள் வழக்கமாகப் பயன்படுத்திய சொற்றொடரே அந்தத் தலைப்பு.

1936-ல் அவர் மெக்சிகோ சென்று டியாகோ ரிவேராவிடம் சுவரோவியக் கலையைப் பயின்றார். அதன் விளைவாக, அலபாமாவில் உள்ள டல்லடேகா கல்லூரியின் புதிய நூலகத்துக்காக 1939-ல் அமிஸ்டாட் வரிசை ஓவியங்களை முடித்தார். கலகம், விசாரணை, தாயகம் திரும்புதல் என மூன்று பெரிய படங்கள். கலகம் நடந்து சரியாக நூறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

கண்காட்சியின் தொடக்கமும் நடைமுறையும்

முதல் கண்காட்சி 1942 வசந்தத்தில் பல்கலைக்கழகத்தின் டிரெவர் ஆர்னெட் நூலகக் கட்டடத்தில் நடந்தது. அப்போது பல்கலைக்கழகத் தலைவராக இருந்தவர் ரூஃபஸ் கிளமென்ட். முதலில் ஓவியங்கள் மட்டுமே ஏற்கப்பட்டன. பின்னர் சிற்பங்களும் அச்சுப் படங்களும் சேர்ந்தன. கண்காட்சியின் அதிகாரபூர்வப் பெயரில் 'அமெரிக்காவின் நீக்ரோ கலைஞர்கள்' என்று இருந்தது. அன்று கறுப்பின மக்களே தம்மைக் குறிக்கப் பயன்படுத்திய சொல் அது.

நாட்டின் எந்தப் பகுதியிலிருந்தும் கறுப்பினக் கலைஞர் யாரும் படைப்பை அனுப்பலாம். நடுவர் குழு தேர்வு செய்யும். தேர்ந்தவை காட்சிக்கு வைக்கப்படும். சிறந்தவற்றுக்குக் கொள்முதல் பரிசு உண்டு. அதாவது பரிசுத்தொகை என்பது படைப்பின் விலையாகவும் அமையும். படைப்பு பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமாகும். முதன்மைப் பரிசுகளில் ஒன்று, 1936-ல் மறைந்த ஜான் ஹோப்பின் பெயரைத் தாங்கியது.

இந்தக் கொள்முதல் பரிசு முறையில்தான் உட்ரஃபின் தொலைநோக்கு தெரிகிறது. வெறும் கண்காட்சி என்றால் சில வாரங்களில் முடிந்துவிடும். படங்கள் கலைஞரின் வீட்டுக்குத் திரும்பும். வாங்குவார் இல்லாமல் பரணிலும் கொட்டகையிலும் கிடந்து வீணாகும். பதக்கம் என்றால் கலைஞருக்குப் பெருமை, ஆனால் வயிறு நிறையாது. கொள்முதல் பரிசு ஒரே செயலில் மூன்றைச் செய்தது. கலைஞருக்குப் பணம் கிடைத்தது. அவரது பெயர் பதிவாகியது. படைப்பு ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் பாதுகாப்பாக வந்துசேர்ந்தது. ஒரு கல்லூரி, ஆண்டுக்குப் பத்து படங்கள் என்ற கணக்கில், ஒரு தலைமுறையின் கலையைச் சேமித்தது.

இன்னொரு பயனும் இருந்தது. அந்த நூலகம் மாணவர்கள் அன்றாடம் வந்துபோகும் இடம். நகரத்தின் பொது நூலகத்தில் உட்கார்ந்து படிக்க முடியாத ஒரு கறுப்பின மாணவர், தன் கல்லூரி நூலகத்தில் தன் இனத்தவர் வரைந்த படங்களைப் பார்த்தபடி நடந்தார். 1944-ல் பதினைந்து வயதில் மோர்ஹவுஸ் கல்லூரியில் சேர்ந்த மார்ட்டின் லூதர் கிங் படித்ததும் இதே கல்லூரிக் கூட்டமைப்பில்தான்.

பங்கேற்ற கலைஞர்கள்

இருபதாம் நூற்றாண்டு ஆப்பிரிக்க அமெரிக்கக் கலையின் முக்கியமான பெயர்கள் பலவற்றை இன்று அட்லாண்டா சேகரிப்பில் காணலாம். சார்லஸ் ஆல்ஸ்டன், எலிசபெத் கேட்லெட், சார்லஸ் வைட், ஜான் பிகர்ஸ், ஜான் வில்சன், லோயிஸ் மைலூ ஜோன்ஸ் ஆகியோர் அவர்களில் சிலர். டானரின் 'சீடர்கள் நோயாளிகளைக் குணப்படுத்துதல்' என்ற ஓவியமும் இப்பல்கலைக்கழகத்தின் உடைமை.

இவர்களில் பலரும் பிற கறுப்பினக் கல்லூரிகளில் ஆசிரியர்களாக இருந்தவர்கள். பிகர்ஸ் ஹூஸ்டனில் இருந்த டெக்சாஸ் சதர்ன் பல்கலைக்கழகத்தில் கலைத் துறையை நிறுவினார். ஜோன்ஸ் வாஷிங்டனின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் நாற்பதாண்டுகளுக்கும் மேல் கற்பித்தார். கேட்லெட் நியூ ஆர்லியன்ஸின் டில்லர்ட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். ஓவியம் விற்று வாழ முடியாத நிலையில் ஆசிரியர் வேலையே இவர்களுக்குச் சோறு போட்டது. தனித்தனி ஊர்களில் தனியாக வேலை செய்துகொண்டிருந்த இவர்களுக்கு, ஆண்டுக்கு ஒருமுறை ஒருவர் வேலையை மற்றவர் காணும் இடமாக அட்லாண்டா இருந்தது. பெரிய பெயர் பெறாமல் போன நூற்றுக்கணக்கானோருக்கும், தாங்கள் கலைஞர்களாக ஏற்கப்பட்டதன் சான்று அந்தக் கண்காட்சி மட்டுமே.

தனிக் கண்காட்சி தேவையா?

இந்தக் கண்காட்சிகளுக்கு எதிர்ப்பும் இருந்தது. எதிர்த்தவர்களில் முக்கியமானோர் கறுப்பினக் கலைஞர்களே. ரோமர் பியர்டன் தமது இளம் வயதில், 1934-ல், 'ஆப்பர்ச்சூனிட்டி' இதழில் எழுதிய கட்டுரையில் ஹார்மன் அறக்கட்டளையின் கண்காட்சிகளைக் கடுமையாக விமர்சித்தார். தரம் பாராமல் இனத்தின் பெயரால் பாராட்டுவது கலைஞரை வளர்க்காது என்பது அவர் வாதம். 1946-ல் மீண்டும் இதே பொருளில் எழுதினார். கலையை இனவாரியாகப் பிரித்துக் காட்டுவது, பிரிவினையை நாமே ஏற்றுக்கொள்வதாகும் என்ற கருத்து அன்று வலுவாக இருந்தது.

இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. 'நீக்ரோ கலைஞர்' என்ற பெயர்ப்பலகை மாட்டப்பட்டவரிடம் மக்கள் எதிர்பார்த்தது குறிப்பிட்ட சில பொருள்களை மட்டுமே: துயரம், உழைப்பு, ஆன்மிகப் பாடல், கிராமத்துத் தேவாலயம். அரூப ஓவியம் வரைய விரும்பிய கறுப்பினக் கலைஞர், வெள்ளையருக்கும் வேண்டாதவராக, தம்மவருக்கும் புரியாதவராக இரண்டு பக்கமும் விலக்கப்பட்டார். தனி அரங்கு ஒன்று இருப்பதே பொது அரங்கைத் திறக்காமல் வைத்திருக்கச் சாக்காகவும் ஆகக்கூடும்.

உட்ரஃபின் தரப்பு நடைமுறை சார்ந்தது. பொது அரங்கு திறக்கட்டும் என்று காத்திருந்தால் அதுவரை ஒரு தலைமுறை என்ன செய்யும்? தென்மாநிலத்தில் வாழும் இருபது வயது ஓவியருக்குத் தேவை கோட்பாடு அல்ல. சுவர், நடுவர், பார்வையாளர், கொஞ்சம் பணம். அட்லாண்டா அவற்றைக் கொடுத்தது.

இரு தரப்பினரும் பகைவர்களாக இருக்கவில்லை. 1963-ல் குடியுரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்தபோது, நியூயார்க்கில் பியர்டன், உட்ரஃப், ஆல்ஸ்டன், நார்மன் லூயிஸ் ஆகியோர் சேர்ந்து 'ஸ்பைரல்' என்ற குழுவை அமைத்தனர். கறுப்பினக் கலைஞர் என்றால் யார், அப்படி ஒரு தனித்த கலை உண்டா என்பதே அவர்கள் கூடிக்கூடிப் பேசிய பொருள். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் கேள்விக்கு விடை கிடைத்திருக்கவில்லை.

'நீக்ரோவின் கலை': ஆறு சுவரோவியங்கள்

1946-ல் உட்ரஃப் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்து அட்லாண்டாவை விட்டுச் சென்றார். கண்காட்சிகள் அவர் இல்லாமலும் தொடர்ந்தன. 1950-களின் தொடக்கத்தில் அவர் டிரெவர் ஆர்னெட் நூலகத்தின் கூடத்துக்காக ஆறு பெரிய ஓவியங்களை வரைந்து முடித்தார். 'நீக்ரோவின் கலை' என்பது வரிசையின் பெயர். தொல்வடிவங்கள், பரிமாற்றம், சிதறல், இணைகள், தாக்கங்கள், கலைத்தேவர்கள் என்பன ஆறு படங்களின் தலைப்புகள்.

முதல் படம் ஆப்பிரிக்காவின் பாறை ஓவியங்களையும் சிற்ப மரபையும் காட்டுகிறது. இரண்டாவது, பண்டைய ஆப்பிரிக்கரும் கிரேக்கரும் ரோமரும் அறிவைக் கொண்டும் கொடுத்தும் வாழ்ந்ததைச் சொல்கிறது. மூன்றாவது, பெனின் நகரம் எரிவதையும் அதன் கலைச்செல்வம் கொள்ளைபோவதையும் காட்டுகிறது. 1897-ல் பிரிட்டிஷ் படை இன்றைய நைஜீரியாவில் உள்ள பெனின் அரண்மனையைச் சூறையாடி ஆயிரக்கணக்கான வெண்கல, தந்தப் படைப்புகளை எடுத்துச் சென்றது. அவை ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் பரவின. நான்காவது படம் உலகின் பிற தொல்குடிகளின் கலையோடு ஆப்பிரிக்கக் கலைக்கு உள்ள ஒற்றுமைகளையும், ஐந்தாவது நவீனக் கலைமேல் அதன் தாக்கத்தையும் கூறுகின்றன. இறுதிப் படத்தில் ஆப்பிரிக்க வழிவந்த 17 கலைஞர்கள் காலவேறுபாடின்றி ஒரே சபையில் கூடியிருக்கிறார்கள். பதினேழாம் நூற்றாண்டு ஸ்பெயினில் வெலாஸ்கெஸிடம் அடிமையாக இருந்து ஓவியரான ஹுவான் டெ பரேஹாவும் அங்கிருக்கிறார். டானரும், அப்போது இளைஞராக இருந்த ஜேக்கப் லாரன்ஸும் இருக்கிறார்கள்.

ஆண்டுக் கண்காட்சி அமெரிக்கக் கறுப்பினத்தவருக்கு மட்டுமானது. சுவரோவியமோ கடல் கடந்து சிதறிய ஒரு பெரும் மக்கள்கூட்டத்தை முழுமையாகப் பார்த்தது. ஆப்பிரிக்கப் புலம்பெயர் கலை என்று இன்று நாம் சொல்லும் கருத்து, கல்விப்புலத்தில் பரவலாவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு கல்லூரி நூலகத்தின் சுவரில் வரையப்பட்டுவிட்டது.

நிறைவு

1954-ல் உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்றது. 1960-களில் குடியுரிமைச் சட்டங்கள் வந்தன. கறுப்பினக் கலைஞர்களுக்கு வேறு அரங்குகளும் மெல்லத் திறந்தன. 1968-ல் நியூயார்க்கில் ஹார்லெம் ஸ்டூடியோ அருங்காட்சியகம் தொடங்கியது. அட்லாண்டாவின் ஆண்டுக் கண்காட்சி 1970-ஓடு நின்றது.

ஆனால் பொது அரங்கு முழுமையாகத் திறந்துவிட்டது என்று சொல்ல முடியாது. 1969-ல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் ஹார்லெம் பகுதியைப் பற்றி ஒரு மாபெரும் கண்காட்சியை நடத்தியது. புகைப்படங்களும் ஒலிப்பதிவுகளும் நிறைந்த அக்கண்காட்சியில், ஹார்லெமில் வாழ்ந்த கறுப்பின ஓவியர், சிற்பி ஒருவரின் படைப்புகூட இல்லை. கலைஞர்கள் வாசலில் நின்று எதிர்ப்புத் தெரிவித்தனர். நாட்டின் மிகப்பெரிய அருங்காட்சியகத்துக்குக் கண்ணில் படாத ஓவியர்களின் படங்களை, அப்போது அட்லாண்டா இருபத்தேழு ஆண்டுகளாக வாங்கிக்கொண்டிருந்தது.

சேகரிப்பின் பிற்காலம்

1976-ல் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்ட அருங்காட்சியகத்தில் 'கறுப்பின அமெரிக்கக் கலையின் இரு நூற்றாண்டுகள்' என்ற கண்காட்சி நடந்தது. 63 கலைஞர்களின் 200-க்கும் மேற்பட்ட படைப்புகள் அதில் இடம்பெற்றன. அதை அமைத்த டேவிட் டிரிஸ்கெல், டல்லடேகாவிலும் ஹோவர்டிலும் ஃபிஸ்கிலும் பாடம் நடத்தியவர். உட்ரஃபின் அமிஸ்டாட் ஓவியங்கள் இருந்த கல்லூரியில்தான் அவரது ஆசிரியப் பணி தொடங்கியது. கறுப்பினக் கல்லூரிகள் சேர்த்துவைத்த அறிவும் படைப்புகளும் பெரிய அருங்காட்சியகத்தை அடைந்த தருணம் அது. உட்ரஃப் 1980-ல் மறைந்தார்.

1988-ல் அட்லாண்டா பல்கலைக்கழகமும் கிளார்க் கல்லூரியும் இணைந்து கிளார்க் அட்லாண்டா பல்கலைக்கழகம் ஆயின. 1999-ல் 'மரபைக் காத்தல்' என்ற பொருளில் ஒரு பயணக் கண்காட்சி தொடங்கியது. கிளார்க் அட்லாண்டா, ஃபிஸ்க், ஹாம்ப்டன், ஹோவர்ட், நார்த் கரோலினா சென்ட்ரல், டஸ்கீகி ஆகிய ஆறு நிறுவனங்களின் படைப்புகள் அதற்காகச் செப்பனிடப்பட்டன. பூஞ்சை பிடித்தும் வண்ணம் உரிந்தும் இருந்தவற்றைச் சீர்செய்யும் பணியில் கறுப்பின மாணவர்களுக்குப் பயிற்சியும் கிடைத்தது. பெயர் பெற்ற படைப்பு கையில் இருந்தாலும், அதைப் பராமரிக்க இக்கல்லூரிகளிடம் பணம் இல்லை என்பது அப்போது வெளிப்படையாகத் தெரிந்தது.

அந்த வறுமையின் விலை என்ன என்பதற்கு ஃபிஸ்க் பல்கலைக்கழகம் சான்று. ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப் 1949-ல் தம் கணவர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸின் சேகரிப்பிலிருந்து 101 படைப்புகளை ஃபிஸ்குக்கு வழங்கினார். கடும் நிதி நெருக்கடியில் சிக்கிய பல்கலைக்கழகம் அவற்றின் ஒரு பகுதியை விற்க முயன்றது. பல ஆண்டுகள் வழக்கு நடந்தது. 2012-ல், 3 கோடி டாலருக்கு உரிமையில் பாதியை ஆர்கன்சாஸில் உள்ள கிரிஸ்டல் பிரிட்ஜஸ் அருங்காட்சியகத்துக்கு விட்டுக்கொடுக்கும் ஏற்பாடு முடிவானது. படைப்புகள் இரண்டு இடங்களிலும் மாறிமாறி இருக்கும். கல்லூரியைக் காப்பதா, கலையைக் காப்பதா என்ற கேள்வி வெறும் கற்பனை அல்ல.

அதே 2012-ல் அட்லாண்டாவின் ஹை கலை அருங்காட்சியகம், செப்பனிடப்பட்ட டல்லடேகா சுவரோவியங்களைக் காட்சிக்கு வைத்தது. பின்னர் அவை நாட்டின் பல நகரங்களுக்குச் சென்றன. உட்ரஃப் நிறப்பிரிவினைக் காலத்தில் பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்து கற்பித்த நகரம் அது. அவர் வேலை அந்நகரின் முதன்மை அருங்காட்சியகத்தில் அந்த அளவில் கொண்டாடப்பட, அவர் மறைந்து முப்பது ஆண்டுகளுக்கும் மேல் ஆகியிருந்தது. அட்லாண்டா கல்லூரிக் கூட்டமைப்பில் மரபு அறுபடவில்லை. 1996-ல் ஸ்பெல்மன் கல்லூரி திறந்த நுண்கலை அருங்காட்சியகம், ஆப்பிரிக்கப் புலம்பெயர் சமூகங்களைச் சேர்ந்த பெண்களின் கலைக்குச் சிறப்பிடம் தருகிறது.

மதிப்பீடு

அட்லாண்டா ஆண்டுக் கண்காட்சியைப் பற்றி இரண்டு உண்மைகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அது பிரிவினையின் விளைவு. பிரிவினை இல்லையென்றால் அதற்குத் தேவையே இருந்திராது. அதே சமயம், அது இல்லையென்றால் ஒரு தலைமுறையின் படைப்புகளில் பெரும்பகுதி இன்று எங்கும் இருந்திராது. பியர்டனின் கவலை நியாயமானது, உட்ரஃபின் அவசரமும் நியாயமானது.

ஒரு சமூகத்தின் கலையை அதன் வெளியில் இருப்பவர்கள் மதிக்கத் தொடங்கும்வரை காத்திருந்தால், அந்த மதிப்பு வரும்போது மதிக்க எதுவும் மிஞ்சியிருக்காது. உட்ரஃபும் அவரது பல்கலைக்கழகமும் காத்திருக்கவில்லை. ஆண்டுக்குப் பத்து படங்கள் வாங்கினார்கள். நூலகச் சுவரில் மாட்டினார்கள்.